பாலத்தில் நடந்து பிஎன்சி பார்க்குக்கு

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் போகிறவர்கள், அங்குள்ள பேஸ்பால் மைதானமான பிஎன்சி பார்க்கில் ஓர் ஆட்டமாவது பார்த்துவிட்டு வாருங்கள். பேஸ்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

காரை டவுன்டவுனிலேயே விட்டுவிட்டு நடந்து போவதுதான் சரி. ஆட்ட நாட்களில் அலகெனி ஆற்றின் மேலுள்ள ரொபெர்டோ கிளெமெண்டே பாலத்தில் வண்டிகளை விடமாட்டார்கள். அந்த மஞ்சள் பாலம் முழுக்க ஜனங்கள்தான். எனக்கு முன்னால் ஒரு தாத்தாவும் பேரனும் போனார்கள். இருவர் முதுகிலும் 21. அது கிளெமெண்டேயின் எண்.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் அணிக்காக மட்டுமே 18 சீசன் ஆடியவர் அவர். சரியாக 3,000 ஹிட்; அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் பேஸ் என்னும் நிலையைத் தொட்டது அத்தனை தடவை. 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். பாலம் முடியும் இடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. தாத்தா அங்கே நின்று பேரனிடம் வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் வலதுபக்கச் சுவர் 21 அடி உயரம். கிளெமெண்டே ஃபீல்டராக நின்றது ரைட் ஃபீல்ட் எனும் அந்த வலதுபக்கத்தில் என்பதால் அவர் எண்ணையே உயரமாக வைத்தார்கள். வெறும் மரியாதைக்கு வைத்த அளவு என்றுதான் முதலில் நினைத்தேன். இடதுகை ஆட்டக்காரர் ஒருவர் தூக்கி அடித்த பந்து, சுவரைத் தாண்டிவிடும், ஹோம் ரன் என்று எல்லோரும் எழுந்து நிற்க, சுவரின் மேல்பகுதியில் பட்டுத் திரும்பியது. ஃபீல்டர் அதை எடுத்து ஒரே வீச்சில் இரண்டாவது பேஸுக்கு அனுப்பினார். ஓடியவர் சறுக்கிக்கொண்டு வந்து தப்பித்தார். அந்தச் சுவர் ஆட்டத்தையே மாற்றுகிறது! ஒருவரை நினைவில் வைத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2001இல் திறந்த மைதானம் இது. சுமார் 38,000 பேர் உட்காரலாம். இருக்கைகள் பெரும்பாலும் இரண்டே அடுக்கு என்பதால் மேலே உட்கார்ந்தாலும் ஆட்டம் பக்கத்தில் நடப்பது போலத்தான் இருக்கிறது. ஆற்றுப் பக்கம் உயரமாக எதையும் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் பாலமும் அக்கரைக் கட்டடங்களும் முழுசாகத் தெரிகின்றன. அதற்காகவே மூன்றாவது பேஸ் பக்கம் மேல் அடுக்கில் டிக்கெட் எடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. சைவக்காரர்கள் பியரோகி கேளுங்கள்; உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த கொழுக்கட்டை மாதிரி இருக்கும். இன்னிங்ஸ் இடைவேளையில் பியரோகி வேஷம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். குழந்தைகளோடு போனால் அந்த நேரத்தில் கடைப்பக்கம் போய்விடாதீர்கள்.