பொதுப் படிக்கட்டில் ஆடும் கைப்பிடி: யாராவது விழுந்தால் யார் பொறுப்பு?

மாடிக்குடி:
வணக்கம். மூன்று குடித்தனம் உள்ள வாடகை வீடு. பொதுப் படிக்கட்டின் கைப்பிடி மேல்முனையில் கழன்று ஆடுகிறது. ஏஜென்ட்டிடம் இரண்டு முறை போனில் சொல்லியாயிற்று, "ஓனரிடம் சொல்கிறேன்" என்பதோடு சரி. எங்களைப் பார்க்க வருபவர் விழுந்தால் பொறுப்பு ஓனருக்கா, ஏஜென்ட்டுக்கா, எங்களுக்கா?

சிவில்பக்கம்:
சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் அலசப்படுவது மூன்று விஷயம்தான். அந்த இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது, பழுது யாருக்குத் தெரிந்திருந்தது, சரிசெய்ய அவகாசம் இருந்ததா. பொதுப் படிக்கட்டு வழக்கமாக ஓனர் கட்டுப்பாட்டில் உள்ளது, ஆகவே முதலில் அவரைத்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்குள் தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்து ஒருவர் வழுக்கினால் அது உங்கள் தலையில்.

ஏஜென்ட் வாடகை வசூலுக்கு மட்டுமா, பராமரிப்புக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பராமரிப்பும் அவர் வேலை என்றால் புகாரைக் கிடப்பில் போட்டதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவரிடம் சொன்னது பொதுவாக ஓனரிடமே சொன்ன மாதிரி. "எனக்குத் தகவல் வரவில்லை" என்று ஓனர் சொன்னால் அது அவர்கள் இருவருக்குள்ள கணக்கு.

விருந்தாளி மாதிரி வாடகை ஒப்பந்தத்தில் இல்லாதவர் விஷயத்தில் ஒரு பழைய கொடுமை உண்டு. 1906இல் இங்கிலாந்தில் ஒரு வாடகை வீட்டின் சமையலறைத் தரை உடைந்து குடியிருந்தவரின் மனைவிக்குக் காயம். பழுது பார்ப்பதாக ஓனர் வாக்குக் கொடுத்தும், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இழப்பீடு மறுத்தது. ஒப்பந்தம் கணவரோடுதானே, மனைவியோடு இல்லையே என்றார்கள்! அந்த நிலையை மாற்ற அங்கே 1972இல் தனிச் சட்டமே வர வேண்டியிருந்தது.

ஒயர்மேன்:
கைப்பிடி கண்ணுக்குத் தெரியும், கரண்ட் தெரியாது. ஆஸ்திரேலியாவில் குழாயைத் தொட்ட சிறுமிக்கு ஷாக் அடித்துப் படுகாயம். மின் அடுப்பு ரிப்பேர் தவறு, மெயின் போர்டில் எர்த் இணைப்பும் சரியில்லை, இரண்டும் சேர்ந்ததால் குழாய்க்கே கரண்ட் வந்துவிட்டது. 1997இல் ஓனர் நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பு. அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா பாருங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது விழ வேண்டும், அதாவது தானாக ஆஃப் ஆக வேண்டும். விழுந்தாலும் எர்த் சரி என்று அர்த்தமில்லை. பட்டன் சோதிப்பது அந்தக் கருவியை மட்டும்தான், எர்த்தைத் தனியாக அளந்துதான் பார்க்க வேண்டும்.

சிவில்பக்கம்:
அதே நாட்டில் 2000இல் நேர்மாறான தீர்ப்பும் உண்டு. கண்ணாடிக் கதவில் மோதிக் காயம்பட்டவர் தோற்றார். கட்டிய காலத்து விதிப்படி கண்ணாடி சரியாக இருந்தது, பழுது எதுவும் இல்லை. பழசு என்பதும் பழுது என்பதும் வேறு.

மாடிக்குடி:
நாங்களே திருகாணி போட்டு முடுக்கிவிடலாமா?

சிவில்பக்கம்:
வேண்டாம். சுவரில் துளை விரிந்திருந்தால் அதே துளையில் முடுக்கிய திருகாணி மறுபடி கழலும், அப்போது "நீங்கள் செய்த வேலை" என்று உங்களைக் காட்டுவார்கள். கயிறு கட்டி, "கைப்பிடி பிடிக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். தெரிந்தும் வருபவரை எச்சரிக்கவில்லை என்ற பழி வராது. ஆனால் அந்தச் சீட்டு ஓனரைத் தப்பவிடாது.

இன்றே ஓனர், ஏஜென்ட் இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்ன இரண்டு தேதிகள், எந்தப் படி, எந்த முனை, எவ்வளவு ஆடுகிறது, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், எல்லாம் இருக்கட்டும். கைப்பிடியை அசைத்துக் காட்டும் பத்து விநாடி வீடியோவையும் இணையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒயர்மேன்:
ஒன்று விட்டுப்போச்சு. விபத்து நடந்துவிட்டால் ரிப்பேருக்கு முன் படம் எடுங்கள், கழன்ற போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். துருவும் தேய்மானமும் அதில்தான் தெரியும். மருத்துவச் சீட்டில் "கைப்பிடி கழன்று படியில் விழுந்தார்" என்று அன்றைக்கே பதியச் சொல்லுங்கள். வெறும் "கீழே விழுந்தார்" போதாது.