கிளிங் ரேப்பை பால் கவரோட சேர்த்து பழைய பேப்பர் கடைல போடலாமா?

அடுக்களை_கோவை:
எங்க வீட்ல பால் கவர், எண்ணெய் கவர் எல்லாம் கழுவி காயவச்சு பழைய பேப்பர் கடைல போட்டுடுவோம். பாதி வெங்காயம், பிசைஞ்ச மாவு இதுக்கு மேல சுத்துற கிளிங் ரேப்பை மட்டும் கடைக்காரர் தனியா பொறுக்கி எடுத்து திருப்பிக் குடுத்துடறார். அதுவும் பிளாஸ்டிக் தானே, ஏன் வாங்க மாட்டேங்கறாங்க? வேற யாராவது எடுப்பாங்களா, இல்ல அதுக்கு பதிலா என்ன யூஸ் பண்றது? வெங்காய வாடை ஃப்ரிட்ஜ் முழுக்க அடிக்குதுன்னு தான் விட முடியல.

தரம்_பிரி:
அவர் பண்றது சரிதாங்க. பால் கவர் எல்டிபிஇ, அதாவது பாலிஎத்திலின்ல ஒரு வகை, தடிமனா இருக்கும், கொஞ்சம் சேர்ந்தாலே எடை நிக்கும். கிளிங் ரேப் சிலது பாலிஎத்திலின், சிலது பிவிசிங்கற வேற பிளாஸ்டிக், கையில வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியாது, பிவிசி உள்ள கலந்து உருக்கினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து மெஷினையே அரிக்கும், அந்த லாட் மொத்தமும் வீண். அதுல எண்ணெய், மாவு வேற ஒட்டியிருந்தா யாரு கழுவுவாங்க. ரோல் வர்ற அட்டைப்பெட்டில 3ன்னு போட்டிருந்தா பிவிசி, 4ன்னா எல்டிபிஇ. இன்னொண்ணு, பால் கவர் முனையை முழுசா வெட்டி எடுக்காதீங்க, ஒட்டிக்கிட்டே இருக்கட்டும், அந்த துண்டு தான் சாக்கடைக்குப் போகுது.

மதுரைக்காரன்:
பிளாஸ்டிக்கை வச்சு ரோடு போடலாமேன்னு யாராவது சொல்வாங்க. எங்க ஊர் தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார் கண்டுபிடிச்ச முறை அது, 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. பிளாஸ்டிக்கை துண்டு துண்டா வெட்டி சூடான ஜல்லி மேல தூவி, அது உருகி ஜல்லில படிஞ்சதும் தார் ஊத்துவாங்க. அருமையான வேலை, ஆனா அதுலயும் பிவிசி சேர்க்கக் கூடாது.

செல்வி_அம்மா:
ஏம்மா, வெங்காயத்தை வெட்டுன பக்கம் கீழ இருக்கற மாதிரி எவர்சில்வர் டப்பால கவுத்து இறுக்கமா மூடி வை, வாடை வெளிய வராது. சப்பாத்தி மாவுக்கு மேல எண்ணெய் தடவி மூடி வச்சா போதும், வெளியவே வைக்கறதுன்னா ஈரத்துணி. பொட்டலம் கட்ட வாழை இலையை தணல்ல லேசா வாட்டிக்கோ, மடிச்சா கிழியாது, அதைவிட நல்ல சாமான் கடைல எதுவும் கிடையாது. தேன்மெழுகு தடவுன காட்டன் துணியும் நல்லா இருக்கு, கை சூட்டுக்கு இளகி கிண்ணத்து விளிம்புல ஒட்டிக்கும், ஆனா பச்சைத் தண்ணில தான் கழுவணும், கறி மீனுக்கு வேண்டாம். நியூஸ் பேப்பர்ல மட்டும் சாப்பாட்டு சாமான் மடிக்காத, அந்த மை உடம்புக்கு ஆகாது.

அடுக்களை_கோவை:
ரொம்ப நன்றிம்மா! வீட்ல பாதி ரோல் மிச்சம் இருக்கு, அதை என்ன பண்ண?

தரம்_பிரி:
சாப்பாட்டுக்கு வேண்டாம்னா மழைக்காலத்துல ஃபைல், போட்டோ சுத்தி வைங்க. யூஸ் பண்ணினது உலர் குப்பைல போகட்டும், பால் கவர் மூட்டைல மட்டும் கலக்காதீங்க. 2019 ஜனவரி 1ல இருந்து நம்ம தமிழ்நாட்ல சாப்பாடு சுத்தற பிளாஸ்டிக் ஷீட்டுக்கு தடை இருக்கு, புதுசா வாங்காதீங்க.