எஸ்னாவிலிருந்து அஸ்வானுக்குப் பாய்மரப் படகில்: திட்டமிடுகிறவர்களுக்கு என் அனுபவம்

எகிப்தில் நைல் நதிப் பயணம் என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே ஓடும் மாடிக் கப்பல்கள்தான். நீச்சல் குளம், பஃபே, நூற்றுக்கு மேல் பயணிகள். நான் எழுதப்போவது தஹபியா பற்றி. தட்டையான அடிப்பாகமும் இரண்டு பாய்மரமும் கொண்ட படகு அது. பெரும்பாலும் பத்துக்கு முன்பின்னாக அறைகள் இருக்கும். சொந்தக்காரர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து ஒரு சின்ன தஹபியாவை முழுசாகவே எடுத்துக்கொண்டோம். தலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பதிவதைவிட, ஆள் சேர்ந்தால் முழுப் படகைப் பேசுவது நல்லது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று கேட்கும் உரிமை அப்போதுதான் வருகிறது.

திசையை முதலில் முடிவு செய்யுங்கள். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கிறது. ஆகவே லக்சருக்குத் தெற்கே உள்ள எஸ்னாவிலிருந்து அஸ்வான் நோக்கிப் போனால் பாய் விரித்தே நீரோட்டத்தை எதிர்த்து ஏறலாம். திரும்பும் வழியில் நீரோட்டமே இழுத்துக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஆற்றின் போக்குவரத்து இப்படித்தான் நடந்திருக்கிறது. சங்ககாலச் சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகுகூட செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, லக்சருக்கு வடக்கே உள்ள கோப்டோஸில் படகேறி, இதே நீரோட்டத்தோடுதான் அலெக்சாண்டிரியா போய்ச் சேர்ந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

எஸ்னாவில் பெரிய கப்பல்கள் நீர்ப்பூட்டு மதகில் வரிசையில் நிற்க வேண்டும். தஹபியாக்கள் அதற்குத் தெற்கே இருந்தே கிளம்புவதால் அந்தக் காத்திருப்பு இல்லை. லக்சரிலிருந்து வேனில் வந்து ஏறிக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன் எஸ்னா கோயிலைப் பார்த்துவிடுங்கள். இன்றைய தெரு மட்டத்துக்கு ஏறக்குறைய 9 மீட்டர் கீழே, ஊரின் நடுவே பள்ளத்தில் நிற்கிறது. மிஞ்சியிருப்பது 24 தூண்கள் கொண்ட முன்மண்டபம் மட்டும். எகிப்திய, ஜெர்மன் குழுவினர் சேர்ந்து பல நூற்றாண்டுப் புகைக்கரியைத் துடைத்தெடுத்ததில் உள்ளே இருந்த சிவப்பும் நீலமும் மஞ்சளும் வெளியே வந்திருக்கின்றன. கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, கூரையைப் பாருங்கள்.

அடுத்து எல் காப். கப்பல்காரர்கள் இங்கே நிற்பதில்லை. குன்றில் குடைந்த கல்லறைகளில் ஒன்று, எபானாவின் மகன் ஆமோஸ் என்ற படகுப் படைவீரனுடையது. வெளியிலிருந்து வந்து வட எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ்களை விரட்டிய போரில் தான் செய்ததையும் அரசன் கொடுத்த பொன்னையும் அவனே சுவரில் எழுதி வைத்திருக்கிறான். பக்கத்தில் ஊர்த்தலைவன் பாஹெரியின் கல்லறையில் உழவும் அறுவடையும் சித்திரங்களாக. எங்களைத் தவிர அங்கே காவலாளி மட்டும்தான் இருந்தார். யாரும் பின்னாலிருந்து நெருக்காமல் ஒரு சுவரை முழுசாகப் பார்த்து முடிப்பது என்ன சுகம் என்பது அங்கே தெரிந்தது.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான இடம்: கெபெல் எல் சில்சிலா என்ற பழங்காலக் கல்வெட்டுக் குழிகள், அதாவது கோயில்களுக்குக் கல் வெட்டியெடுத்த இடம். எங்களுக்குப் பதிவு செய்து தந்த முகவர் "சில்சிலா உண்டு" என்றுதான் சொன்னார். திட்டத்தாளை வாங்கிப் பார்த்தால் "படகிலிருந்தே பார்வை" என்று இருந்தது. இறங்கி நடக்க வேண்டும், அதற்கு ஒரு முழு முற்பகல் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லி மாற்ற வைத்தோம். நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறு அங்கே குறுகிப்போகிறது. இரண்டு கரையிலும் மணற்கல் குன்றுகள். கர்னாக்குக்கும் எட்ஃபூவுக்கும் இன்னும் பல கோயில்களுக்கும் கல் போனது இங்கிருந்துதான். மேற்குக் கரையில் ஏறினால், மலையைக் கத்தியால் அறுத்ததுபோல் செங்குத்தான சுவர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வழவழப்பு மறைந்து, சாய்வாக வரிவரியாக உளித்தடம். எங்களோடு வந்த பெரியப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவருக்கு விரலளவு தள்ளி நின்று பார்த்தவர், "இவ்வளவு பெரிய கல்லை எப்படி இறக்கினான்?" என்று கேட்டார். வழிகாட்டி சந்தோஷமாக உட்கார்ந்தே விளக்கினார். மேலிருந்து கீழாகப் படிப்படியாக வெட்டுவார்கள். ஒவ்வொரு கல்லைச் சுற்றிலும் ஒடுக்கமான பள்ளம் தோண்டி, அடியில் ஆப்பு அடித்துப் பெயர்ப்பார்கள். சரிவில் இழுத்து ஆற்றுக்குக் கொண்டுவந்து படகில் ஏற்றுவார்கள். வெள்ளக் காலத்தில் தண்ணீர் கரையேறி வந்தது பெரிய உதவி. பெரியப்பா அதற்கப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதலில் கல் இணைப்பைத்தான் பார்த்தார். நானும்தான். கடவுளர் பெயரும் அரசர் பெயரும் குழம்பிப்போன மனசுக்கு, வேலை செய்த ஆட்களின் கைத்தடம் ஒரு பிடிமானம். அதே கரையில் ஹோரெம்ஹெப் என்ற அரசன் குடைந்த குகைக்கோயிலும் நைல் வெள்ளத்துக்குப் படையலிட்ட கல்வெட்டுகளும் உண்டு. கல்குழிகளில் ஓரம் சரியும், குழந்தைகள் கையை விடாதீர்கள். மூடிய ஷூ அவசியம்.

எட்ஃபூவும் கொம் ஓம்போவும் எல்லோரும் போகிற இடங்கள், அதனால் நேரம்தான் முக்கியம். எட்ஃபூவில் பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸின் கோயில் கி.மு. 237இல் தொடங்கி 57இல் முடிந்தது. கூரையோடு முழுசாக நிற்பதால் கருவறை வரை இருட்டுக்குள் நடந்து போகலாம். காலையில் கதவு திறக்கும்போதே அங்கே போய் நில்லுங்கள். கொம் ஓம்போவில் முதலைக் கடவுள் சோபெக்குக்கு ஒரு பாதி, மூத்த ஹோரஸுக்கு மறுபாதி. கப்பல்கள் பெரும்பாலும் சாயங்காலம் கூட்டமாக வந்து கட்டும், அதற்கு முன் முடித்துவிடுங்கள். பதப்படுத்திய முதலைகளின் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஃபூல் என்ற மொச்சை மசியல், பருப்பு சூப், தக்காளியில் வெந்த வெண்டைக்காய், அரிசி அடைத்த குடைமிளகாய் எல்லாம் அவர்கள் வீட்டுச் சமையலே. ஆனால் முலூக்கியா கீரையிலும் சில சூப்பிலும் கோழிச்சாறு சேர்வது உண்டு, சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கரையோரக் கிராமத்தில் வெயிலில் பொங்கவிட்டுச் சுடும் உருண்டை ரொட்டி கிடைத்தால் சூட்டோடு சாப்பிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இதெல்லாம் எழுத்தில் கேளுங்கள்: காற்று இல்லாதபோது இழுவைப் படகு வருமா, அது எவ்வளவு தள்ளி நிற்கும்? உரிமம் பெற்ற வழிகாட்டி படகிலேயே தங்குவாரா, ஊருக்கு ஊர் வேறு ஆளா? எல் காப்பிலும் சில்சிலாவிலும் இறங்குவது உறுதியா? அன்பளிப்புப் பணம் பொதுப்பெட்டியா, தனித்தனியா? பெரிய கோயில்களில் நுழைவுச்சீட்டுக்குக் கார்டு தேவை, மற்றதற்கெல்லாம் சில்லறை. காலம் என்றால் அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை. கோடையில் அஸ்வானில் 40 டிகிரி தாண்டும்.

அஸ்வானில் இறங்கியதும் விமானத்துக்கு ஓடாதீர்கள். தீவில் இருக்கும் ஃபிலே கோயிலும், பாறையில் குடைந்த அபு சிம்பல் கோயில்களும் இந்தப் படகுத் திட்டத்தில் பெரும்பாலும் சேராது. அபு சிம்பல் சாலை வழியே 280 கிலோமீட்டர், விடிவதற்கு முன் கிளம்பி மதியத்துக்குள் திரும்பலாம். வயதானவர்கள் இருந்தால் நடுவே ஒரு ஓய்வு நாள் விட்டு, ஃபிலேயை முதலிலும் அபு சிம்பலை அதற்கப்புறமும் வையுங்கள். ஃபிலேக்குத் துறையில் படகுக்காரரிடம் தனியாக வாடகை பேச வேண்டும். தீவில் அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.