பீளமேடு சொந்தங்கள் குரூப்: ஞாயித்துக்கிழமை பிரேக் பஞ்சாயத்து

[1:32] தேவி: அண்ணா டிக்கெட் போட்டாச்சா? 18ஆம் தேதி காலைல 6 மணிக்கே காதுகுத்து. நிலாவ மடில உக்கார வெக்க தாய்மாமன் வேணும்

[1:40] செந்தில்: போடணும் தேவி. வியாழக்கிழமை நான் கிட் வாங்கிக் கட்டின காருக்கு ஐவிஏ டெஸ்ட், இங்க யுகேல ரோட்ல ஓட்ட அனுமதி குடுக்கற டெஸ்ட். பாஸாச்சுன்னா வெள்ளிக்கிழமை ஏறிடுவேன்

[1:41] சரோஜா அம்மா: ஆகலைன்னா?

[1:43] செந்தில்: பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதும்மா. பைப்ல இருக்கற காத்த எடுக்க மூணு தடவ பிளீடிங் பண்ணியாச்சு. ரெண்டு லிட்டர் பிரேக் ஆயில் காலி

[1:44] பெரிய மாமா: பிரேக் இல்லாத வண்டிக்கு டெஸ்ட் என்னத்துக்கு

[1:44] பிரபு: 😂😂

[1:58] ராஜு மாமா: மாப்ள, மொதல்ல பெடல் என்ன சொல்லுதுன்னு பாரு. மூணு விதம் இருக்கு. ஒண்ணு, அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துக்கிட்டே போகுது, விட்டா தள்ளுது. அது காத்து. ரெண்டு, பாதி தூரம் சும்மா போயிட்டு அப்புறம் கல்லு மாதிரி நிக்குது, மறுக்கா மறுக்கா அமுக்கினா மேல வருது. அது காத்து இல்ல, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி ஜாஸ்தி. மூணு, அமுக்கிப் புடிச்சா கட்டியா நின்னு மெல்ல மெல்ல கீழ எறங்குது. எங்கயோ ஒழுகுது, இல்லைன்னா பெடல் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் சீல் போச்சு. இதுல உன்னுது எதுன்னு சொல்லு. சொல்லாம இன்னொரு லிட்டர் ஊத்தாத.

[1:59] பிரபு: சித்தப்பாவுக்கு 'மேலும் படிக்க' வந்துருச்சு

[2:03] செந்தில்: மொதல் விதம் மாமா. ரெண்டாவதும் கொஞ்சம்

[2:04] பெரிய மாமா: மிதிக்கற அழுத்தத்தக் கூட்டற பூஸ்டர் இருக்கா

[2:05] செந்தில்: இல்லைங்க பெரிய மாமா. 700 கிலோவுக்குள்ள இருக்கற வண்டி, கிட்ல பூஸ்டர எடுத்துட்டாங்க. மிச்சம் எல்லாம் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் சாமான்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், பிரேக்

[2:06] பெரிய மாமா: பூஸ்டர் இல்லைன்னா பெடல் இன்னும் கட்டியால்ல இருக்கணும். காத்துதான்

[2:06] ராஜு மாமா: அதத்தான் நானும் சொன்னேன்

[2:07] பெரிய மாமா: நீ மூணு சொன்ன

[2:10] சரோஜா அம்மா: மண்டபத்துக்கு அட்வான்ஸ் யாரு குடுத்தீங்க? அவரு காலைல இருந்து ரெண்டு தடவ கூப்பிட்டாரு

[2:11] தேவி: மாப்ள வீட்ல குடுக்கறதா சொன்னாங்க

[2:11] சரோஜா அம்மா: சொன்னாங்களா குடுத்தாங்களா

[2:19] ராஜு மாமா: செந்திலு, நீ பிளீடிங் பண்ற முறைய எழுது. யாரு பெடல் அமுக்கறா? மாஸ்டர்ல இருந்து தூரமா இருக்கற சக்கரத்துல ஆரம்பிக்கணும். உன்னுது வலது பக்கம் ஸ்டீரிங், அதனால இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நிப்பிள்ல (சக்கரத்துகிட்ட காத்து விடற திருகு) மாட்டின டியூப் முனை பாட்டில்ல ஆயிலுக்குள்ள முங்கி இருக்கணும். பெடல மெதுவா அமுக்கச் சொல்லி நிப்பிள கால் சுத்து தொற, பெடல் தரைக்குப் போறதுக்குள்ள மூடு, மூடின பொறவுதான் காலத் தூக்கணும். டேங்க்ல குறி கோட்டுக்குக் கீழ எறங்க விட்றாத, எறங்குச்சுன்னா முதல்ல இருந்து. இன்னொண்ணு, பெடலுக்கு அடில ஒரு கட்டை வெய்யி. பழைய மாஸ்டர்ல சீல் தினமும் பாதி தூரம்தான் ஓடியிருக்கும். அதுக்கு அந்தாண்ட துரு இருக்கும். நீ தரை வரைக்கும் மிதிச்சா சீல் உதடு அந்தத் துருவுல ஏறிக் கிழிஞ்சுரும். காத்து எடுக்கப் போயி மாஸ்டரக் கெடுத்துக்குவ.

[2:22] செந்தில்: தனியாத்தான் மாமா. வேக்குவம் பம்ப் வாங்கி இழுக்கறேன். குமிழி நிக்கவே மாட்டேங்குது

[2:23] பிரபு: அது நிப்பிள் மரை வழியா வர்ற காத்து

[2:23] பிரபு: பம்ப் இழுக்கறப்ப வெளிக்காத்து மரைல பூந்து டியூப்புக்கு வரும். உள்ள காத்தே இல்லைன்னாலும் குமிழி வரும். அத வெச்சு முடிவு பண்ணாத

[2:24] பிரபு: பேட அமுக்கற கேலிப்பர் போட்டோ போடு. முன்னாடி ரெண்டும்

[2:25] பெரிய மாமா: நம்ம பழைய ஹெரால்டு காருக்கு இந்த பம்ப் எல்லாம் இருந்துச்சா

[2:26] ராஜு மாமா: அண்ணா ஹெரால்டுல டிரம் பிரேக்கு

[2:26] பெரிய மாமா: நீ மாட்டி முடிச்சதும் மூணு போல்ட் மிச்சம் இருந்த ஹெரால்டு

[2:27] சரோஜா அம்மா: 😄 அப்பா அந்த மூணையும் சாகற வரைக்கும் மேஜை டிராயர்ல வெச்சிருந்தாரு

[2:31] செந்தில்: 📷 போட்டோ
[2:31] செந்தில்: 📷 போட்டோ

[2:32] தேவி: சிவப்பு நல்லாருக்கு அண்ணா

[2:33] பிரபு: நிப்பிள் கீழ இருக்கு

[2:33] செந்தில்: ?

[2:34] பிரபு: இடது கேலிப்பர் வலதுல, வலது இடதுல. மாத்தி மாட்டிட்ட மச்சான்

[2:35] செந்தில்: ஐயோ

[2:36] செந்தில்: கழட்டி பெயின்ட் அடிச்சு ஒரே டப்பால போட்டு வெச்சேன்

[2:47] ராஜு மாமா: நான் இப்ப அதத்தான் டைப் பண்ணிட்டு இருந்தேன். காத்து மேலதான் நிக்கும். நிப்பிள் கீழ இருந்தா ஆயில் மட்டும் வரும், பிஸ்டனுக்கு மேல இருக்கற காத்து அங்கயே உக்காந்திருக்கும். பத்து லிட்டர் ஊத்தினாலும் போகாது. போல்ட் ஓட்டை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறதால தப்பாவும் அழகா உக்காரும், அதான் தெரியல. இப்ப ரெண்டு வழி. குறுக்கு வழி: கேலிப்பரக் கழட்டி, டிஸ்க் கனத்துக்கு ஒரு மரக்கட்டைய பேடுக்கு நடுவுல குடுத்து (1.6 வண்டின்னா 18 மி.மீ., 1.8ன்னா 20), நிப்பிள் மேல வர்ற மாதிரி கைல புடிச்சுக்கிட்டு பிளீடிங். கட்டை இல்லாம பண்ணா பிஸ்டன் வெளிய குதிச்சுரும். ஆனா இது வேண்டாம். அடுத்த வருஷம் ஆயில் மாத்தறப்ப அதே வம்பு. ஹோஸும் முறுக்கிட்டு நிக்கும். சரியான வழி: ரெண்டையும் பக்கம் மாத்தி மாட்டு. ஹோஸ கேலிப்பர்ல மாட்டற பேஞ்சோ போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது செப்பு வாஷர். பழசு ஒருக்கா நசுங்கினது, மறுக்கா சீல் ஆகாது. ஸ்டீரிங்க முழுசா ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாரு, ஹோஸ் டயர்லயோ ஆர்ம்லயோ உரசக் கூடாது, இழுக்கவும் கூடாது.

[2:48] பிரபு: ஒரு வரில நான் சொன்னேன்

[2:48] ராஜு மாமா: சொன்னா போதுமாடா, வாஷர் யாரு சொல்றது

[2:50] பெரிய மாமா: ரெண்டு பேரும் நல்லா சொன்னீங்க

[2:52] தேவி: சீர் தட்டு எத்தன? 11ஆ 21ஆ?

[2:53] சரோஜா அம்மா: 21. போன தடவ 11 வெச்சதுக்கு இன்னும் பேசறாங்க

[2:53] பிரபு: யாரு பேசறாங்க அத்தை

[2:54] சரோஜா அம்மா: யாரோ

[4:36] செந்தில்: மாத்தியாச்சு மாமா. பக்கத்து வீட்டுக்காரர் பெடல் அமுக்கினாரு. காத்து புஸ்ஸுன்னு வந்துச்சு. இப்ப பஞ்சு இல்ல. ஆனா முதல் அமுக்குல பாதிக்குக் கீழ போகுது, ரெண்டாவது அமுக்குல மேல வந்து கட்டியா நிக்குது

[4:38] பிரபு: பின்னாடி கேலிப்பர் அட்ஜஸ்ட்

[4:39] செந்தில்: எப்படி

[4:41] பிரபு: ஹேண்ட்பிரேக் கேபிள முழுசா லூஸ் பண்ணு. கேலிப்பர் பின்பக்கம் 14 சைஸ் போல்ட் ஒண்ணு மூடி மாதிரி இருக்கும், கழட்டு. உள்ள 4 மி.மீ. ஆலன் கீ. வலப்பக்கமா பேட் டிஸ்க்ல முட்டற வரைக்கும் சுத்து, அங்க இருந்து மூணுல ஒரு பங்கு சுத்து திருப்பு

[4:42] பிரபு: சக்கரம் கையால லேசா சுத்தணும். அப்புறம்தான் கேபிள டைட் பண்ணணும்

[4:43] பெரிய மாமா: கேபிள மொதல்ல டைட் பண்ணினா லீவர் முழுசா திரும்பாது. அட்ஜஸ்ட் ஏமாத்தும்

[4:44] ராஜு மாமா: 👍 அண்ணா சொல்றது சரி

[4:45] சரோஜா அம்மா: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெக்கறேன் இத

[5:20] செந்தில்: ஆச்சு!! ஒரே அமுக்கு, மேலயே நிக்குது 🙏

[5:21] தேவி: அப்ப டிக்கெட்

[5:22] செந்தில்: ஒரு இடத்துல ஆயில் கசியுது. வலது பின் பைப், ஜாயிண்ட்ல

[5:23] தேவி: 🤦‍♀️

[5:35] ராஜு மாமா: டைட் வெச்சே நிறுத்தலாம்னு நெனைக்காத, செப்பு நிக்கல் பைப் நசுங்கிரும். கழட்டிப் பைப் முனையப் பாரு. எதிர்ல இருக்கற துளைக்குள்ள கூம்பு மேடா நின்னா பைப்ல ரெட்டை மடிப்பு ஃபிளேர் (விரிச்சு அடிச்ச முனை) வேணும், 45 டிகிரி. உள்ள குழியா இருந்தா காளான் தலை மாதிரி ஃபிளேர் வேணும். எம்எக்ஸ்-5 ரெட்டை மடிப்பு. கிட்ல வந்த ஜாயிண்ட் காளானா இருக்கலாம். நட் ரெண்டும் 10 மி.மீ.க்கு 1 மி.மீ. மரை, அதனால தப்பும் மாட்டும், ஒழுகவும் ஒழுகும். தப்புன்னா முனைய வெட்டிட்டுப் புதுசா அடி. வெட்டினதும் உள்விளிம்பு பிசிரு எடு, நேரா வெட்டு, பைப்ப சுத்தமாத் தொட. நட்ட மொதல்லயே பைப்ல கோத்துரு, ஃபிளேர் அடிச்ச பொறவு ஏறாது.

[5:36] பிரபு: கடைசி வரிதான் எல்லாருக்கும் நடக்கறது

[5:37] பெரிய மாமா: ஃபிளேரிங் செட் இருக்கா

[5:38] செந்தில்: வாடகைக்கு எடுத்தது இருக்குங்க

[5:38] பெரிய மாமா: நம்ம பட்டறைல ஒரு நல்ல செட் இருந்துச்சு. பங்கு பிரிச்சப்ப யாருகிட்ட போச்சுன்னு தெரியல

[5:39] ராஜு மாமா: செயின் பிளாக் எங்க போச்சோ அங்க

[5:39] பெரிய மாமா: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

[5:41] சரோஜா அம்மா: நல்ல காரியம் வெச்சிருக்கற நேரத்துல வேண்டாம் ரெண்டு பேரும்

[5:44] பிரபு: மச்சான் கசிவு நின்னதான்னு பாக்க ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் காஞ்ச டிஷ்யூ சுத்து. பெடல ஒரு நிமிஷம் அழுத்திப் புடி. அப்புறம் டிஷ்யூவப் பாரு

[5:45] பிரபு: பைப்புக்கு 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் இருக்கா? ஆடினா டெஸ்ட்ல புடிப்பாங்க. ஆயில் டேங்க் மூடில டாட் 4ன்னு எழுத்து இருக்கணும்

[5:47] செந்தில்: இருக்கு. ஸ்டீரிங்தான் பயம். வளைச்சு விட்டா தானா நேரா வர மாட்டேங்குது

[5:48] பிரபு: பவர் ஸ்டீரிங் ரேக்கா? பைப்ப லூப் பண்ணி விட்டுட்டயா

[5:48] செந்தில்: ஆமா

[5:50] பிரபு: உள்ள இருக்கற ஆயில் சீல் இழுக்குது. கழட்டி எடுத்துட்டா லேசாகும். நேரம் இல்லைன்னா கீழ் ஆர்ம்ல கேம் போல்ட் இருக்கும்ல, அதுல ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பி கேஸ்டர் (ஸ்டீரிங்க நேரா இழுக்கற சாய்வு) ஏத்து. டோ (சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கற அளவு) மாறிரும், மறுபடி செட் பண்ணு

[5:52] விஜயா சித்தி: நாங்களும் இங்க ஒரு வண்டி இப்படிப் பண்ணலாமா? சின்னவன் கேக்கறான்

[5:53] பெரிய மாமா: பண்ணலாம். ரோட்ல ஓட்ட ஆர்டிஓ நம்பர் குடுக்க மாட்டான்

[5:53] பிரபு: வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள ஓட்டலாம் சித்தி

[5:55] விஜயா சித்தி: மண்டபம் அட்வான்ஸ் குடுத்தாச்சா

[5:55] சரோஜா அம்மா: அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்

[7:32] செந்தில்: ஃபிளேர் தப்புதான் மாமா, காளான் அடிச்சிருந்தேன். துளைல கூம்பு மேடா இருக்கு. மாத்தியாச்சு. டிஷ்யூ காஞ்சே இருக்கு

[7:33] ராஜு மாமா: சபாஷ். நாளைக்குக் காலைல மறுபடி டிஷ்யூ பாரு

[7:34] தேவி: டிக்கெட்??

[7:35] செந்தில்: இன்னைக்கு ராத்திரி பாக்கறேன். கை பூரா ஆயில். பானெட்ல வேற ஊத்திடுச்சு

[7:35] ராஜு மாமா: அது பேருக்குத்தான் ஆயில்! துணில தொடைக்காத, உடனே தண்ணி ஊத்திக் கழுவு, பெயின்ட்ட உரிச்சுரும்

[7:36] ராஜு மாமா: மாப்ள?

[7:41] ராஜு மாமா: ஊத்தினயா?