புதுப்பிப்பு: கருகிய புளூபெர்ரி செடிகளின் சோதனை முடிவு

வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் தோட்டத்து புளூபெர்ரி, பூக்கும் சமயத்தில் பூவும் தளிருமாகக் கருகியது. ஸ்கார்ச் வைரஸா, ஷாக் வைரஸா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். ஆய்வக முடிவு வந்துவிட்டது: ஷாக். பெரிய நிம்மதி!

ஸ்கார்ச், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியால் பரவும். பல ரகங்கள் அதிலிருந்து தேறுவதே இல்லை, செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். ஷாக் அப்படியில்லை. தேனீக்கள் சுமக்கும் மகரந்தம் வழியாகப் பரவும். கருகிய செடி மறுபடி துளிர்த்துவிடும். எங்களுடையதும் இப்போது பச்சைப்பசேலென்று நிற்கிறது, காய்தான் இல்லை. பொதுவாக 1 முதல் 4 ஆண்டுகளில் கருகல் நின்று பழையபடி காய்க்குமாம்.

ஆனால் வைரஸ் செடிக்குள்ளேயே இருக்கும், மருந்தும் கிடையாது. அதனால் நடுவதற்குக் குச்சி கேட்ட நண்பர்களே, மன்னிக்கவும், இதிலிருந்து தர மாட்டேன். சோதித்துச் சான்றளித்த நாற்றாகப் பார்த்து வாங்குங்கள்.