அப்பாவும் குழந்தையும் படுக்கும் அறையில் பின்னிரவில் ஏறும் பிஎம் 2.5

சென்னை வேளச்சேரியில் தரைத்தளக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள 71 வயது அப்பாவும் எட்டு மாதக் குழந்தையும் படுக்கும் அறையில், நவம்பர் முதல் வாரத்திலிருந்து பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்கள்) அளவு ஒரு கன மீட்டருக்கு 110 முதல் 140 மைக்ரோகிராம் வரை ஏறுகிறது. பகலில் 35ஐத் தாண்டுவதில்லை. அப்பாவுக்கு இழுப்பு வருவதும் அதே நேரத்தில்தான். மருத்துவர் இன்ஹேலரை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

துகள் அளவைக் காட்டும் எங்கள் மீட்டர் லேசர் சென்சார் வகை. விலை மூவாயிரத்துச் சொச்சம். கொசுவர்த்தியையும் சாம்பிராணியையும் நிறுத்தி மூன்று வாரமாகிறது. ஜன்னல்களைச் சாத்தியும் துகள் அளவு குறையவில்லை. கரியமில வாயுதான் 1,800 பிபிஎம்மைத் தொட்டதால் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. பீரோவை நகர்த்தியபோது பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூஞ்சை படர்ந்து, சுண்ணாம்பு அப்பளம்போல் உப்பி நின்றது. அதைச் சுரண்டித் துடைத்த பிறகும் மாற்றமில்லை.

அந்நேரம் அறையின் ஈரப்பதம் 85 சதவீதம். மலிவான லேசர் மீட்டர்கள் ஈரக்காற்றில் கூடுதலாகக் காட்டக்கூடியவை என்பதால்தான் குழப்பம். 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த அளவு 15, இந்திய வரம்பு 60. எதனோடு ஒப்பிடுவதானாலும் முதலில் கையிலுள்ள எண்ணை நம்ப முடிய வேண்டும்.

ஆய்வகச் சோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன், இந்த உயர்வு ஈரத்தால் வரும் பிழையா, உண்மையான துகள்களா என்பதை வீட்டிலேயே பிரித்தறிய என்ன வழி?