புதுப்பிப்பு: வஜைனோபிளாஸ்டிக்குப் பிறகு திருத்த அறுவை சிகிச்சை தேவைப்பட்டதா?

வஜைனோபிளாஸ்டி (யோனியை அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்ட பிறகு, டைலேட்டர் (யோனிப் பாதை சுருங்காமலிருக்க உள்ளே வைக்கும் கருவி) பாதியில் முட்டுகிறது, வெளியே எடுத்தால் லேசாக ரத்தம், சிறுநீரும் பக்கவாட்டில் சிதறுகிறது, மறுபடி ஆபரேஷன்தானா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ரத்தத்துக்குக் காரணம் கிரானுலேஷன் திசு, அதாவது காயம் ஆறும்போது மிகையாக வளரும் சிவந்த சதை. டாக்டர் வெளிநோயாளியாகவே பார்த்து, சில்வர் நைட்ரேட் என்ற ரசாயனத்தை வைத்துச் சுட்டார். எரிந்தது, பிறகு சாம்பல் நிறக் கசிவு வந்தது. சில தடவை வைத்ததும் ரத்தம் நின்றுவிட்டது.

ரொம்பவும் கைகொடுத்தது, "கத்தி வைப்பதற்கு முன் இடுப்புத்தளத் தசைக்கு பிசியோதெரபிஸ்டைப் பாருங்க" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. நான் எதிர்பார்க்காதது இதுதான்: தழும்பு சுருங்கி அடைக்கிறது என்று நினைத்தேன், ஆனால் யோனிப் பாதையைச் சுற்றியுள்ள அந்தத் தசைதான் இறுகியிருந்தது. வலிக்குமோ என்ற பயத்தில் உடம்பு தானாகவே இறுக்கிக்கொள்கிறது. டைலேட்டர் முட்டும் இடத்திலேயே அதை நிறுத்தி, தள்ளாமல், வயிறு விரிய நிதானமாக மூச்சு விட்டால் தசை மெல்ல இளகி வழிவிடுகிறது. பழைய ஆழம் திரும்பிவிட்டது. உண்மையிலேயே தழும்பால் சுருங்கியவர்களுக்கு இது மட்டும் போதாது, அதனால் பரிசோதித்துவிட்டே முடிவெடுங்கள்.

சிறுநீர் சிதறல் மட்டும் போகவில்லை. சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி விறைப்புத் திசு (ரத்தம் நிறைந்தால் விறைக்கும் திசு) கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம். அதற்கு மட்டும் சின்னத் திருத்தம் செய்துகொள்ளப் போகிறேன். வீக்கம் வடிந்து தழும்பு இளக 6 முதல் 12 மாதம் வரை ஆகும் என்பதால், அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.